உலாவியின் வேகம்: காத்திருப்பு இடம்மாறிய வரலாறு

ஓர் உலாவி மற்றோர் உலாவியைவிட விரைவானது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஓட்டப்பந்தயத்தில் இருவரை ஒப்பிடுவதுபோல உலாவிகளையும் ஒப்பிட்டுவிடலாம் என்பது அக்கூற்றின் உட்கிடை. ஆனால் 'உலாவி' என்னும் பெயர் நம்மைச் சற்று மயக்குகிறது. அது எங்கும் உலாவுவதில்லை. நம் கணினியிலோ கைப்பேசியிலோ இருந்தவாறே தொலைவிலுள்ள வழங்கிக்கு வேண்டுகோள் அனுப்புகிறது. அங்கிருந்து வரும் எழுத்தையும் படத்தையும் நிரலையும் பெற்றுக்கொள்கிறது. பின்னர் அவற்றைப் படித்து, இடம் வகுத்துத் திரையில் வரைகிறது. இத்தனையும் முடியும்வரை நாம் காத்திருக்கிறோம். உலாவியின் வேகம் என்று நாம் கூறுவது இந்தக் காத்திருப்பின் குறுக்கத்தையே.

காத்திருப்பு நிகழும் இடங்கள் மூன்று. செய்தி வந்துசேரும் வழி முதலாவது. வந்த செய்தி பக்கமாக உருப்பெறும் பணி இரண்டாவது. பக்கத்தோடு வரும் நிரல் இயங்கும் பணி மூன்றாவது. கடந்த முப்பது ஆண்டுகளில் பெருங்காத்திருப்பு இவற்றுள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதை முந்திக் கண்டுகொண்ட உலாவியே அந்தந்தக் காலத்தில் விரைவான உலாவி எனப் பெயர்பெற்றது. இவ்வரலாற்றைத் தொடர்ந்து சென்றால், தமிழ் எழுத்து அந்த வேகத்தில் எவ்வாறு பங்குபெற்றது என்ற வினாவுக்கும் நாம் வந்துசேர்வோம்.

வழியில் காத்திருந்த காலம்

உலகளாவிய வலையையும் அதற்கான முதல் உலாவியையும் 1990இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கினார். பொதுமக்களிடம் வலையைக் கொண்டுசேர்த்தது 1993இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் உருவாக்கிய மொசைக் உலாவியாகும். எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் சேர்ந்து தோன்றியது அதன் கவர்ச்சி. அதன் சுமையும் அதுவே.

அக்காலத்தில் வீட்டுக் கணினிகள் தொலைபேசிக் கம்பி வழியே, மோடம் என்னும் கருவியின் துணையோடு இணையத்தை அடைந்தன. பரவலாக இருந்த மோடம் விநாடிக்கு 14,400 பிட் அளவே கடத்தும். 50 கிலோபைட் அளவுள்ள ஒரு படம் வந்துசேர ஏறத்தாழ 28 விநாடி ஆகும் என்பது எளிய கணக்கு. அன்றைய உலாவிகள் பக்கத்திலுள்ள படங்கள் யாவும் வந்த பிறகே பக்கத்தைக் காட்டின. நான்கு படங்கள் இருந்தால் இரண்டு நிமிடம் வெற்றுத் திரையைப் பார்த்திருக்க வேண்டியதுதான்.

1994 டிசம்பரில் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் இந்த வரிசையை மாற்றியது. எழுத்து வந்தவுடன் எழுத்தைக் காட்டியது. படங்கள் பின்னர் தத்தம் இடத்தில் வந்து அமர்ந்தன. ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து பல துண்டுகளை இணையாகவும் பெற்றது. தொலைபேசிக் கம்பி அதே கம்பிதான். முழுப் பக்கமும் வந்துமுடிய ஆன நேரமும் பெரிதாகக் குறையவில்லை. ஆயினும் படிப்பவருக்கு முதல் பத்தி உடனே கிடைத்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் படம் வந்துவிட்டது. எதை முதலில் கொடுப்பது என்ற தேர்வே வேகமாக உணரப்பட்டது. உலாவி வரலாற்றின் முதற்பாடம் இது: மொத்த நேரம் வேறு, காத்திருப்பாக உணரப்படும் நேரம் வேறு. இன்றைய உலாவிகளும் இவ்விரண்டையும் தனித்தனியே அளக்கின்றன.

பக்கம் உருப்பெறக் காத்திருந்த காலம்

பக்கங்கள் விரைவில் நாளிதழ்போலப் பத்தி பிரித்து வடிவமைக்கப்பட்டன. அதற்கு வடிவமைப்பாளர்கள் அட்டவணைகளைப் பயன்படுத்தினர். அட்டவணைக்குள் அட்டவணை, அதற்குள் மற்றோர் அட்டவணை என்று பக்கங்கள் அடுக்கப்பட்டன. அட்டவணையின் ஒரு பத்தி எவ்வளவு அகலம் வேண்டும் என்பது அதன் கடைசிக் கட்டத்தைக் கண்ட பிறகே தெரியும். ஆகவே செய்தி வந்துவிட்ட பின்னரும் உலாவி கணக்கிட்டுக்கொண்டிருந்தது. காத்திருப்பு கம்பியிலிருந்து கணினிக்குள் நுழைந்தது.

1997இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4, டிரைடென்ட் என்னும் புதிய அமைப்புப் பொறியைக் கொண்டிருந்தது. ஒரு பகுதி மாறினால் பக்கத்தை அங்கேயே மறுபடி ஒழுங்குபடுத்தும் திறன் அதற்கு இருந்தது. அதே காலத்து நெட்ஸ்கேப் 4, சாளரத்தின் அளவை மாற்றினாலே பக்கத்தை மீண்டும் ஏற்றவேண்டிய நிலையில் இருந்தது. 1998 மார்ச்சில் நெட்ஸ்கேப் தன் மூலநிரலைப் பொதுவில் திறந்து வைத்தது. பழைய பொறியைத் திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவதே நன்று என்று அவ்வாண்டிலேயே முடிவாயிற்று. அவ்வாறு எழுதப்பட்ட கெக்கோ பொறியுடன் மொசில்லா 1.0 வெளிவர 2002 ஜூன் ஆயிற்று, ஃபயர்பாக்ஸ் 1.0 வெளிவந்தது 2004 நவம்பரில். இடைப்பட்ட ஆண்டுகளில் எக்ஸ்புளோரருக்குப் போட்டியாளர் அரிதாயினர். 2001இல் வந்த அதன் ஆறாம் பதிப்புக்கும் 2006இல் வந்த ஏழாம் பதிப்புக்கும் இடையே ஐந்து ஆண்டுகள் கழிந்தன. போட்டி ஓய்ந்தபோது வேகத்தின் வளர்ச்சியும் ஓய்ந்தது.

பக்கத்தை உருவாக்கும் பணியில் பின்னாளில் நேர்ந்த முன்னேற்றங்களில் இரண்டைக் குறிப்பிடலாம். ஒன்று, முன்னோக்கிப் படித்தல். பக்கத்தைப் படித்துவரும் உலாவி, இடையில் ஒரு நிரலைக் கண்டால் அது வந்து இயங்கி முடியும்வரை நிற்கவேண்டியிருந்தது. 2008ஆம் ஆண்டையொட்டி முன்னணி உலாவிகள் ஓர் உத்தியைக் கைக்கொண்டன. முதன்மைப் படிப்பு நின்றிருக்கும் வேளையில், துணைப் படிப்பான் ஒன்று மீதியுரையை விரைந்து நோட்டமிட்டு, பின்னால் தேவைப்படும் படங்களையும் கோப்புகளையும் முன்கூட்டியே கேட்டு வைத்தது. இரண்டாவது, பணியைப் பகிர்ந்துகொள்ளுதல். கணினியின் சில்லுக்குள் நான்கோ எட்டோ கணிப்பகங்கள் இருக்க, பழைய உலாவிகள் பக்கத்தின் நடைவிதிகளை ஒரே கணிப்பகத்தைக் கொண்டு கணக்கிட்டன. 2017 நவம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 57, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ஸ்டைலோ என்னும் பகுதியின் துணையால் அக்கணக்கைப் பல கணிப்பகங்களுக்குப் பகிர்ந்தளித்தது.

நிரல்மொழி நாயகமான காலம்

மூன்றாம் காத்திருப்பு மொழி பற்றியது. மொழியியலைப் பயின்றவர்களாகிய நமக்கு இப்பகுதியில் ஆர்வம் மிகுதல் இயல்பே.

1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஒரு நிரல்மொழியின் முதல் வடிவத்தை உருவாக்கினார். அதுவே ஜாவாஸ்கிரிப்ட். படிவத்தில் விடுபட்ட இடத்தைச் சுட்டுவது, படத்தை மாற்றிக் காட்டுவது போன்ற சிறுபணிகளே அதற்கு அன்று விதிக்கப்பட்டவை. ஒன்பது ஆண்டு கழிந்து 2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகுள் வரைபடமும் வந்தபோது நிலைமை மாறியது. மின்னஞ்சல் மென்பொருள் முழுவதையும், இழுத்தால் நகரும் வரைபடத்தையும் அச்சிறு மொழி சுமக்கவேண்டியதாயிற்று. காத்திருப்பு மீண்டும் இடம்மாறியது.

அன்றைய உலாவிகள் ஜாவாஸ்கிரிப்டை எவ்வாறு இயக்கின என்பதை நமக்குப் பழக்கமான இரு பணிகளைக் கொண்டு விளக்கலாம். கூட்டத்தில் ஒருவர் பேசப் பேச உடனுக்குடன் மாற்றிச் சொல்பவர் உரைபெயர்ப்பாளர். நூல் முழுவதையும் படித்து, நிதானமாக மாற்றி எழுதித் தருபவர் மொழிபெயர்ப்பாளர். உரைபெயர்ப்பாளர் உடனே தொடங்கிவிடுவார். ஆனால் பேச்சாளர் ஒரே வாக்கியத்தை ஆயிரம் முறை சொன்னால், ஆயிரம் முறையும் அவர் புதிதாகவே பெயர்க்கவேண்டும். மொழிபெயர்ப்பாளர் தொடங்கத் தாமதமாகும். எழுதி முடித்த பின் அவ்வுரையை எத்தனை முறையும் தடையின்றிப் படிக்கலாம். பழைய உலாவிகள் பெரும்பாலும் உரைபெயர்ப்பு முறையையே பின்பற்றின.

2008 செப்டம்பர் 2 அன்று கூகுள் வெளியிட்ட குரோம் உலாவியில் வி8 என்னும் பொறி இருந்தது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் லார்ஸ் பாக் தலைமையில் உருவான அது, உரைபெயர்ப்பை விடுத்து, நிரலை நேரே சில்லின் மொழிக்கு மாற்றியது. வெறும் மாற்றம் மட்டும் போதாது. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பொருளுக்கு என்னென்ன பண்புகள் உண்டு என்று முன்கூட்டி அறிவிப்பதில்லை. எப்போது வேண்டுமானாலும் ஒரு பண்பைச் சேர்க்கலாம், நீக்கலாம். மாணவர் ஒருவரின் பதிவில் 'மதிப்பெண்' எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் தேடியே காணவேண்டும்.

இதற்கு வி8 கண்ட வழியை நம் யாப்பிலக்கணத்தைக் கொண்டு எளிதில் உணரலாம். வானம், காலை, வேலன் ஆகிய சொற்களின் பொருள் வெவ்வேறு. ஆயினும் மூன்றும் நேர் நேர் என அசைபிரிவதால் மூன்றையும் தேமா என்னும் ஒரே வாய்பாட்டில் அடக்குகிறோம். அடுத்த சீரோடு தளை பார்க்கும்போது, வாய்பாட்டையும் வரும் சீரின் முதலசையையும் கொண்டு முடிவுசெய்கிறோம். சொல்லின் பொருளை ஆராய்வதில்லை. வி8 பொறியும் ஒரே வரிசையில் ஒரே பண்புகளைப் பெற்ற பொருள்களை ஒரே மறைவகுப்பில் சேர்த்தது. அவ்வகுப்பில் 'மதிப்பெண்' மூன்றாம் இடத்தில் இருக்கிறது என்று ஒருமுறை கண்டுகொண்டால், அடுத்த பொருளும் அதே வகுப்பினதா என்று மட்டும் பார்த்து, தேடாமல் மூன்றாம் இடத்துக்குச் சென்றுவிடும்.

இந்த உத்தி புதிதன்று. டேவிட் உங்கரும் ராண்டல் ஸ்மித்தும் 1980களின் பிற்பகுதியில் அறிமுகப்படுத்திய செல்ஃப் என்னும் ஆய்வுமொழியை விரைவாக இயக்கும் முயற்சியில் பிறந்தது. அதற்கும் முன்னர் 1984இல் ஸ்மால்டாக் மொழிக்காகப் பீட்டர் டாய்ச்சும் ஆலன் ஷிஃப்மனும் செய்த பணி அதற்கு அடிப்படை. செல்ஃப் மொழியைத் தொழில்துறையில் பயன்படுத்தியவர் மிகச் சிலரே. எனினும் அதன் கொடை இருமுறை உலகெங்கும் சென்றது. ஒரு பொருளை முன்மாதிரியாகக் கொண்டு மற்றொன்றைப் படைக்கும் கருத்தை ஐக் 1995இல் செல்ஃபிலிருந்து பெற்று ஜாவாஸ்கிரிப்டில் வைத்தார். செல்ஃப் பணியில் பங்குகொண்டிருந்த லார்ஸ் பாக், அம்மொழியை விரைவாக்கிய உத்தியைப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொண்டுவந்தார். உடனடிப் பயன் இல்லாத ஆய்வு எதற்கு என்று மாணவர் கேட்டால், ஆசிரியர் இந்த வரலாற்றை எடுத்துக்காட்டலாம்.

வி8 தனித்து வரவில்லை. அதே 2008இல் மொசில்லா டிரேஸ்மங்கி என்னும் பொறியையும், ஆப்பிளின் சஃபாரிக்கு அடிப்படையான வெப்கிட் குழுவினர் ஸ்குவிரல்ஃபிஷ் எக்ஸ்ட்ரீம் என்னும் பொறியையும் அறிவித்தனர். மூன்று அணிகளும் ஒன்றையொன்று விரட்டின.

அளவுகோல் இலக்கானபோது

விரட்டிச் செல்பவருக்கு அளவுகோல் தேவை. வெப்கிட் குழு 2007 டிசம்பரில் சன்ஸ்பைடர் என்னும் தேர்வை வெளியிட்டது. கூகுள் 2012இல் ஆக்டேன் என்பதை வெளியிட்டது. இவை சிறு நிரல்களை இயக்கி, ஆன நேரத்தைக் கணக்கிட்டு மதிப்பெண் வழங்கின. உலாவிகளின் விளம்பரங்களில் இம்மதிப்பெண்கள் இடம்பெற்றன.

தேர்வு ஒன்றே குறியானால் என்ன நேரும் என்பதை ஆசிரியர்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. மாணவர் பாடத்தைவிடக் கடந்தாண்டு வினாத்தாளைப் படிப்பர். உலாவிப் பொறிகளுக்கும் அதுவே நேர்ந்தது. ஆக்டேன் தேர்வு ஒரே நிரல்துண்டைத் திரும்பத் திரும்ப நெடுநேரம் இயக்கியது. உண்மைப் பக்கங்களிலோ பெரும்பாலான நிரல் ஒருமுறை மட்டுமே இயங்கும். அதைப் படித்துப் பெயர்ப்பதற்கே நேரம் செலவாகும். தேர்வில் மதிப்பெண் ஏறியது. பக்கங்களில் அதற்கேற்ற பயன் விளையவில்லை. சில உத்திகள் உண்மைப் பக்கங்களுக்குத் தீங்காகவும் முடிந்தன. 2017 ஏப்ரலில் வி8 குழுவினர் இதை வெளிப்படையாகக் கூறி, தாங்கள் வளர்த்த ஆக்டேனுக்குத் தாங்களே ஓய்வு கொடுத்தனர்.

அதே ஆண்டில் மற்றொன்றும் நிகழ்ந்தது. உரைபெயர்ப்பை ஒதுக்கிப் புகழ்பெற்ற வி8, இக்னிஷன் என்னும் உரைபெயர்ப்பியைத் தன் அமைப்பின் முதற்படியாகச் சேர்த்துக்கொண்டது. நினைவகம் குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகளே இதற்கு முக்கியக் காரணம். முழுமையான பெயர்ப்பு நினைவகத்தில் பெரும் இடம் பிடித்தது. ஒருமுறை மட்டும் இயங்கும் நிரலுக்கு அத்தனை செலவு வீண். ஆகவே எல்லாவற்றையும் முதலில் உரைபெயர்ப்பது, திரும்பத் திரும்ப வரும் பகுதியை மட்டும் முழுமையாக மொழிபெயர்ப்பது என்னும் நடுவழி நிலைபெற்றது.

அளவுகோலும் திருந்தியது. 2024 மார்ச்சில் வெளிவந்த ஸ்பீடோமீட்டர் 3, போட்டியாளர்களாகிய மூன்று பொறிகளின் குழுவினரும் கூடி வகுத்த தேர்வாகும். பட்டியலில் ஒரு வரியைச் சேர்ப்பது, உரையைத் திருத்துவது, வரைபடம் வரைவது போன்று மக்கள் நாள்தோறும் செய்யும் செயல்களை ஒட்டி அது அமைந்துள்ளது.

கடல் கடந்த தொலைவு

வழியில் காத்திருப்பு முற்றிலும் தீர்ந்ததா? கம்பி அகன்றது, தொலைவு குறையவில்லை. சிங்கப்பூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஏறத்தாழ 13,600 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் செல்லும். இழையை நேர்கோட்டில் இட்டதாகவே கொண்டாலும், ஒரு வேண்டுகோள் சென்று விடை திரும்ப 0.136 விநாடி ஆகும். எந்த உலாவியாலும் இதைக் குறைக்க இயலாது.

குறைக்கக் கூடியது பயணங்களின் எண்ணிக்கை. பழைய முறையில் பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தவே மூன்று பயணம் வேண்டும். பக்கத்தைக் கேட்டுப் பெற நான்காவது பயணம். முதல் எழுத்து வருமுன் அரை விநாடிக்கு மேல் கழிந்துவிடும். அத்துடன், ஓர் இணைப்பில் ஒரு நேரத்தில் ஒரு கோப்பே கேட்கப்பட்டது. உலாவிகள் ஒரு வழங்கிக்கு ஆறு இணைப்புகள் வரை திறந்து சமாளித்தன. 2009இல் கூகுள் ஸ்பீடி என்னும் நெறிமுறையை அறிவித்தது. அதன் வழிவந்த எச்டிடிபி 2 நெறிமுறை 2015இல் நிலைபெற்றது. ஒரே இணைப்பில் பல கோப்புகளை ஒருங்கே பெற வழிபிறந்தது. 2022இல் நிலைபெற்ற எச்டிடிபி 3, இணைப்பையும் பாதுகாப்பையும் ஒரே பயணத்தில் முடித்தது. மேற்சொன்ன கணக்கில் நான்கு பயணம் இரண்டாகி, அரை விநாடி கால் விநாடியாயிற்று. தொலைவு மிகுந்த நம்மைப் போன்றோருக்கே இதன் பயன் மிகுதி.

வேகத்துக்கு விலையும் உண்டு. அடுத்து என்ன வரும் என்று ஊகித்து முன்கூட்டியே வேலைசெய்யும் சில்லுகளின் இயல்பைக் கொண்டு மறைவான தகவலைத் திருடலாம் என்பது 2018 ஜனவரியில் வெளியாயிற்று. ஸ்பெக்டர் என்று பெயரிடப்பட்ட அக்குறைக்கு மாற்றாகக் குரோம் உலாவி வெவ்வேறு தளங்களை வெவ்வேறு செயல்முறைகளில் பிரித்து வைத்தது. அதனால் நினைவகத் தேவை 10 முதல் 13 விழுக்காடு வரை கூடிற்று என்று கூகுள் அறிவித்தது. மெதுவாக இருப்பதற்கும் சில வேளை நல்ல காரணம் உண்டு.

தமிழ் எழுத்து சென்ற வழி

இனி நாம் முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இந்த வேகம் தமிழுக்கு எவ்வாறு கிடைத்தது?

1990களில் தமிழ் இணையப் பக்கங்கள் பல்வேறு எழுத்துருக் குறியீடுகளில் எழுதப்பட்டன. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி போன்றோர் முன்னின்று நடத்திய தமிழ்நெட் 97 கருத்தரங்கு இச்சிக்கலையே ஆராய்ந்தது. பெரும்பாலான அக்குறியீடுகள் எழுத்தைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் வைத்தன. 'கொ' என்பதற்கு முதலில் ஒற்றைக்கொம்பு, பின்னர் ககரம், அதன்பின் கால். உலாவி ஆங்கில எழுத்தை வரைவதுபோலவே இவற்றை இடமிருந்து வலமாக வரைந்துவிட்டது. உலாவிக்கு உழைப்பு இல்லை. ஆனால் ஒரு குறியீட்டில் எழுதியது மற்றொரு குறியீட்டில் குப்பையாகத் தோன்றியது. தேடுவதும் அகரவரிசைப்படுத்துவதும் இடர்ப்பட்டன.

ஒருங்குறியோ ஒலிப்பு வரிசையைப் பின்பற்றுகிறது. ககரம் முதலில், ஒகரக் குறி பின்னர். தேடுதலும் வரிசைப்படுத்தலும் எளிதாயின. கொம்பை முன்னால் வைத்துக் காலைப் பின்னால் நிறுத்தும் வேலை உலாவியின் மேல் விழுந்தது. எழுத்தைக் கோத்து வடிவமைக்கும் இப்பணியை இன்று குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் ஹார்ஃப்பஸ் என்னும் நிரல்தொகுதி செய்கிறது. எழுத்து, திறந்தது என்னும் பொருளுடைய இரு பாரசீகச் சொற்களிலிருந்து அப்பெயர் வந்தது.

வெப்கிட் பொறியிலும் அதிலிருந்து 2013இல் பிரிந்து குரோமுக்கு அடிப்படையான பிளிங்க் பொறியிலும் எழுத்தை வரைய இரு வழிகள் இருந்தன. ஒன்றுக்கு எளிய வழி என்றும், மற்றொன்றுக்குச் சிக்கலான வழி என்றும் பெயர். ஆங்கிலம் எளிய வழியில் விரைந்து சென்றது. தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளும் அரபியும் சிக்கலான வழியில் சென்றன. ஆங்கில வரியின் நடுவே ஒரு தமிழெழுத்து வந்தால், அவ்வரித்துண்டு முழுவதும் சிக்கலான வழிக்குத் திருப்பப்பட்டது. தமிழ் மெதுவாக எழுத வேண்டிய மொழி என்று எவரும் கருதி இதைச் செய்யவில்லை. ஆங்கிலத்தை இயல்பாகவும் பிறவற்றை விதிவிலக்காகவும் கொண்டு வகுத்ததன் விளைவு அது.

பின்னாளில் பிளிங்க் குழுவினர் எளிய வழியை நீக்கி, எல்லா எழுத்தையும் ஒரே வழியில் செலுத்தினர். ஒரு சொல்லை ஒருமுறை கோத்து வடிவமைத்தால் அவ்வடிவத்தைச் சேமித்து வைத்து, அச்சொல் மீண்டும் வரும்போது அதையே எடுத்து வரைவது என்னும் உத்தி இதற்குக் கைகொடுத்தது. இதனால் ஆங்கிலமும் நலம்பெற்றது. எழுத்துகளுக்கிடையே இடைவெளியைச் செம்மைப்படுத்தும் நுட்பங்களை வேகத்துக்காகக் கைவிடவேண்டிய தேவை மறைந்தது. கடினமானதாகக் கருதப்பட்ட எழுத்துக்காகச் செய்த பணி எல்லா எழுத்துக்கும் உதவியது.

இன்னும் இரு செய்திகள் தமிழ்ப் பக்கங்களை அமைப்போர் அறியத்தக்கவை. ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் பிடிக்கும். 'அம்மா' என்னும் சொல்லில் குறிகள் ஐந்து. ஆகவே பைட்டுகள் 15. ஆனால் வழங்கி பக்கத்தைச் சுருக்கி அனுப்பினால் இவ்வேறுபாடு பெரிதும் குறையும். இரண்டாவது, பக்கத்தோடு அழகிய தமிழ் எழுத்துருவையும் அனுப்பினால், அது வந்துசேரும்வரை முன்னணி உலாவிகள் ஏறத்தாழ 3 விநாடி எழுத்தை மறைத்தே வைக்கும். உரை வந்துவிட்டது, படிக்கத்தான் முடியாது. 1993ஆம் ஆண்டின் வெற்றுத் திரை இவ்வாறு திரும்பிவிடுகிறது. கருவியிலுள்ள எழுத்துருவில் முதலில் காட்டி, பின்னர் மாற்றுமாறு பக்கத்திலேயே கட்டளை எழுதலாம். நெட்ஸ்கேப் கற்பித்த பாடமே அதுவும்.

எது விரைவான உலாவி?

இன்று பெயரளவில் உலாவிகள் பல. பொறிகளோ பெரும்பாலும் மூன்றே. குரோம், ஓப்ரா, 2020 முதல் மைக்ரோசாப்ட் எட்ஜ் ஆகியவை பிளிங்க் பொறியையும் வி8 பொறியையும் பகிர்ந்துகொள்கின்றன. சஃபாரி வெப்கிட்டையும், ஃபயர்பாக்ஸ் கெக்கோவையும் கொண்டுள்ளன. ஐபோனில், ஐரோப்பிய ஒன்றியம் போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, எந்தப் பெயருடைய உலாவியும் வெப்கிட்டின் மேலேயே இயங்குகிறது. ஆகவே ஐபோனில் இரண்டு உலாவிகளை ஒப்பிடும் மாணவர், பெரும்பாலும் ஒரே பொறியின் இரு மேலுறைகளை ஒப்பிடுகிறார். ஒரே கணினியில் குரோம் மெதுவாகவும் எட்ஜ் விரைவாகவும் தோன்றினால், பொறியைக் குறைகூறுமுன் குரோமில் சேர்த்துள்ள நீட்சிகளையும் திறந்துகிடக்கும் பக்கங்களையும் எண்ணிப் பார்ப்பது முறை.

உலாவி விரைவானதும் பக்கம் பருத்தது என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. 200 கிலோபைட் படமும் 200 கிலோபைட் நிரலும் வழியில் ஒரே சுமை. வந்தபின் படத்தை வரைந்தால் போதும். நிரலையோ படித்து, பெயர்த்து, இயக்கவேண்டும். விலை மிகுந்த கணினியில் பணிபுரிவோர் பக்கத்தை அமைத்து, அங்கே அது விரைவாக இருப்பதைக் கண்டு அமைதியடைகின்றனர். அதே பக்கம் மாணவர் ஒருவரின் பழைய கைப்பேசியில் திணறுகிறது. முப்பது ஆண்டுப் பொறியியல் ஈட்டித் தந்த நேரத்தை இவ்வாறு பக்கங்களே செலவழித்துவிடுகின்றன. தமிழ்க் கல்விக்காகப் பக்கங்கள் அமைப்போர் தம் பணியைக் கைக்கெட்டும் மிகப் பழைய கைப்பேசியில் பார்த்தே வெளியிடவேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

வகுப்பறையில் இதை ஆய்வாகவே செய்யலாம். நீளமான தமிழ்ப் பக்கம் ஒன்றையும் அதே அளவுள்ள ஆங்கிலப் பக்கம் ஒன்றையும் தேர்ந்துகொள்க. ஒரு புதிய கருவியிலும் ஒரு பழைய கருவியிலும், முதல்முறையும் மறுமுறையும் அவற்றைத் திறக்குக. முதல் வரி படிக்கத் தெரிந்த நேரம், தொட்டால் பக்கம் இணங்கத் தொடங்கிய நேரம் ஆகிய இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்க. மறுமுறை விரைவாக இருந்தால், உலாவி சேமித்து வைத்ததன் பயனைக் கண்டவராவீர். முதல் வரி விரைவில் தெரிந்தும் பக்கம் இணங்கத் தாமதித்தால், காத்திருப்பு நிரலில் இருக்கிறது. உரை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக நின்றால், எழுத்துருவில் இருக்கிறது. அட்டவணையை நிரப்பி முடித்த மாணவரிடம் எந்த உலாவி விரைவானது என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் பக்கத்துக்கு, எந்தக் கருவியில் என்று அவர் திருப்பிக் கேட்பார்.